ஆளுக்கு ஒரு நாள் தலைவி

பழவேற்காடு ஏரிக்குள் மணல்மேடு என்று ஒரு குப்பம். மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் சேறு. ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமென்றால் படகு ஏறியாக வேண்டும். அந்த ஊரில் தனக்கோடியின் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. பயந்ததாக ஒப்புக்கொண்டவனும் கிடையாது. அவள் வருகிறாள் என்றால், கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதில் ஓட்டை தேடுவார்கள்.

அவளிடம் படகு இல்லை, வலை இல்லை. இருந்தது இரண்டு கை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கை இரண்டும் சேற்றில் இருக்கும். பறி வாயில் இருக்கிற நேரம்தான் தனக்கோடி பேசாமல் இருப்பாள் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். கயிறு பல்லில் இருக்கும்போதே, காது கேட்கிற தூரத்தில் போகிற படகுக்காரனின் பரம்பரையை இழுத்துத் திட்டத் தெரிந்தவள் அவள்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பாடு என்றால் என்னவென்று முதலில் சொல்லியாக வேண்டும்.

ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போனால் மீன் விழாது, மண்டைதான் உடையும். ஆகவே குலுக்கிப் போட்டு வரிசை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. அப்பனே ஆனாலும் மகனுடைய பாட்டில் வலை போட முடியாது. சர்க்கார் சட்டமெல்லாம் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளோடு நிற்கும். ஏரிக்குள் பாடுதான் சட்டம். இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு கோளாறு. கல்யாணமான ஆண்பிள்ளைக்குத்தான் பாடு உண்டு. பெண்பிள்ளைக்குக் கல்யாணம் மட்டும்தான் உண்டு.

தனக்கோடியின் புருஷன் கேசவனுக்குப் பாடு இருந்தது. எழுபத்தாறாம் வருஷ மழையில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு அவள் ஊர்க்கூட்டத்துக்குப் போய் நின்றாள். கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் கோதண்டம். கேசவனின் கூடப்பிறந்த அண்ணன். ஊர் மீனவர் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"மாமா, உங்க தம்பி வலை அப்டியே கீது. எனக்கும் கை காலு கீது. அவரு பாட்டை நான் போடறேன்," என்றாள்.

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொம்பளைக்கு இன்னாம்மா பாடு? ஏரியே சிரிக்கும்."

ஏரி சிரித்ததோ இல்லையோ, ஓரமாய் நின்றிருந்த கோதண்டத்தின் பெண்டாட்டி காந்தா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். கேசவனின் பாடு அடுத்த ஆளுக்குப் போனது. வலையை விற்றுக் கடனை அடைத்தாள் தனக்கோடி. ஊரார் செய்ததையெல்லாம் அவள் திட்டித் தீர்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் திட்டித் தீர்க்க முடியவில்லை. ஓரகத்திகள் இருவருக்கும் அன்றோடு பேச்சு நின்றது; ஏழு வருஷம் பேசவில்லை.

பேசாவிட்டால் என்ன, ஒரே தண்ணீரில்தான் துழாவினார்கள். கோதண்டம் சம்பாதிப்பதெல்லாம் அவருடைய வேட்டி வெளுப்புக்கும் சாராயத்துக்கும் சரியாகிவிடும். சங்கத் தலைவரின் சம்சாரம் என்று பெயர்தான் பெரிது; காந்தாவும் பறியைக் கடித்துக்கொண்டு சேற்றில் இறங்கியாக வேண்டியிருந்தது. ஒருத்தி கிழக்கே குனிந்தால் மற்றவள் மேற்கே குனிவாள்.

இறால் பிடிப்பதில் இல்லை கஷ்டம், அதை அக்கரை கொண்டுபோவதில்தான் இருந்தது. பழவேற்காட்டுச் சந்தைக்குப் போகிற படகு சங்கத்துப் படகு. ஆண்பிள்ளைகள் வலையில் விழுந்த சரக்கு முதலில் ஏறும். அது போய்த் திரும்பி வந்த பிறகுதான் பெண்பிள்ளைகளின் கூடைகள் ஏறும். அதற்குள் வெயில் ஏறிவிடும். இறாலின் தலை கறுத்துவிடும். அக்கரையில் வியாபாரி ஒரு இறாலை எடுத்து முகர்ந்து பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், பிச்சை போடுவதுபோல் எதையோ கொடுப்பான். விடியற்காலையிலிருந்து குளிரில் விறைத்த விரலோடு அதை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

"நமக்குனு ஒரு படகு இருந்தா, இந்தக் கேடு கெட்டவனுங்க மூஞ்சில முழிக்கத் தேவையில்லடி," என்று தனக்கோடி தினம் சொல்வாள். மற்றவர்கள் தினம் சிரிப்பார்கள்.

சிரிக்காமல் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் சுராயா டீச்சர். பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண்; தையல் சொல்லிக் கொடுப்பாள். அவளிடம்தான் தனக்கோடி கிழிந்த ரவிக்கையைத் தைக்கக் கொடுப்பாள். எண்பத்து மூன்றில் ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்:

"அக்கா, மெட்ராஸ்ல ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு. பெரிய சங்கங்களுக்கு அவங்க குடுக்கறதில்ல. சர்க்கார் கண்ணுல படாத சின்னச் சின்னச் சங்கத்துக்குத்தான் மானியம். எளாவூர் பக்கம் குத்தகை நிலத்துல நெல்லு போடற பொம்பளைங்களுக்கு ஏர் மாடு வாங்கிக் குடுத்திருக்காங்க. ஏழை விவசாயி, நலிந்த பிரிவினர், இவங்களுக்குத்தானாம்."

"நலிந்தன்னா இன்னா?"

"அதான்... மெலிஞ்சுபோனவங்க, பலமில்லாதவங்க."

தனக்கோடிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சாக்கு இறாலைத் தனியாளாகத் தலையில் ஏற்றுகிறவள் அவள். "யாருடி மெலிஞ்சவ? வரச்சொல்லு அந்த மெட்ராஸ்காரனை. எங்கூடத் தண்ணில எறங்கி அரை நாள் குனியட்டும். அப்புறம் பார்ப்போம், யாரு நலிஞ்சுபோறாங்கனு!"

"படகு வேணுமா, வேணாமா?"

தனக்கோடி மிஷினில் கிடந்த தன் கிழிந்த ரவிக்கையைப் பார்த்தாள். "எழுதிக்கோ. ரொம்ப நலிஞ்சுபோய்ட்டேன்."

எழுதுவதற்கு முன்னால் சங்கம் வேண்டும். கைத்தடவு இறால் பெண்கள் சங்கம் என்று சுராயாவே பெயர் வைத்தாள். இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். காந்தாவும் வந்தாள். வராதே என்று சொல்லத் தனக்கோடிக்கு நாக்கு துடித்தது. ஆனால் சேற்றில் இறங்குகிறவளுக்கெல்லாம் இடம் என்று அவளே அதற்கு முந்தின நாள் கத்தி வைத்திருந்தாள்.

தலைவி யார் என்றபோது தகராறு வந்தது. தனக்கோடி என்றார்கள் பாதிப் பேர். ஐயோ, அவள் வாய்க்கு யார் பதில் சொல்வது என்றார்கள் மீதிப் பேர். முடியைப் பிடித்துக்கொள்கிற கட்டத்துக்குப் போனபோது, வெற்றிலையை மென்றுகொண்டிருந்த மரியம்மா சொன்னாள்:

"இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ஆம்பளைங்க மாதிரி பாடு போட்டுக்கலாம். ஆளுக்கு ஒரு நாள் தலைவி."

அட, இவ்வளவு சுலபமா என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாததால் ஆளுக்கொரு அடையாளத்தைப் பானையில் போட்டார்கள். ஒருத்தி உடைந்த வளையல் துண்டு, ஒருத்தி புளியங்கொட்டை, ஒருத்தி ஊக்கு. தனக்கோடி போட்டது, கேசவனுடைய வலையை விற்கும்போது அதிலிருந்து அவிழ்த்து வைத்துக்கொண்ட ஈயக் குண்டு. குலுக்கி எடுத்த வரிசைப்படி தினம் ஒரு தலைவி. அன்றைய தலைவி சொன்னால் சொன்னதுதான். மறுநாள் அவள் சேற்றோடு சேறு. தன்னுடைய முதல் பாடு வந்த காலையில் தனக்கோடி தலைக்குக் குளித்து, இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நனைந்து நாசமாய்ப் போனது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

உலகத்தில் வேறு எந்தச் சங்கமும் தலைவர் பதவியை மீன் பிடிக்கிற இடம்போல் பங்கு போட்டுக்கொள்ளாது என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? மெட்ராஸிலிருந்து கடிதம் வரும். கடிதம் வந்து சேர்ந்த நாளில் எவள் பாடோ, அவள் பெயரில் பதில் போகும். ஒரு கடிதத்துக்குத் தலைவி மரியம்மா. அடுத்ததற்குத் தலைவி லோகாம்பாள். அதற்கு அடுத்ததற்குத் தனக்கோடி. பெயரை எழுதும்போது சுராயாவுக்கும் உறுத்தத்தான் செய்தது. சொல்லிப் பார்த்தாள். "பாட்டை மீறச் சொல்றியா டீச்சர்?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டதும் அன்றைய தலைவியின் பெயரையே எழுதினாள்.

மெட்ராஸில் என்ன நினைத்திருப்பார்கள்! மணல்மேட்டில் மாதாமாதம் ஆட்சி கவிழ்கிறது என்றோ, இல்லாத சங்கத்தின் பேரில் எவளோ ஏமாற்றுகிறாள் என்றோ நினைத்திருக்க வேண்டும். நேரில் பார்த்துவிட்டுத்தான் மானியம் என்று எலிசபெத் என்கிற அம்மாளை அனுப்பினார்கள்.

எலிசபெத் வந்த நாள் காந்தாவின் பாடு.

அது தெரிந்ததும் பெண்களுக்குப் படகே கை நழுவிப்போன மாதிரி ஆகிவிட்டது. காந்தாவின் பெயரில் படகு வந்தால், அது கோதண்டத்தின் படகு. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கோதண்டம் வெளுத்த வேட்டியோடு கரையில் நின்று, வந்த அம்மாளுக்கு டீ வாங்கிவர ஆள் விரட்டிக்கொண்டிருந்தார்.

எலிசபெத் கெட்டவள் இல்லை. முழங்கால் வரை சேறோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் வந்தாள். "வணக்கம். உங்கள்ல யாரும்மா தலைவி?" என்று கேட்டாள்.

"இன்னிக்கா மேடம்?" என்றாள் மரியம்மா.

"இன்னிக்குன்னா? நேத்து யாரு?"

"நேத்து லோகாம்பா. நாளைக்கு நானு."

எலிசபெத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சுராயா நடுவில் புகுந்து பாடு என்றால் என்ன, பானை என்ன, புளியங்கொட்டை என்ன என்று எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. எலிசபெத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பெருமூச்சு விட்டாள்.

"எனக்குப் பிடிச்சுதான் இருக்கு. ஆனா எங்க ஆபீஸ் ஒத்துக்காது. படகுக்கு ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். மூணு வருஷத்துக்கு ஒரே தலைவி. இன்னிக்கே முடிவு பண்ணி எழுதிக்கொடுத்தா, பொங்கலுக்குப் படகு வந்துடும். இல்லேன்னா அந்தப் பணம் வேற ஊருக்குப் போயிடும்." பிறகு அவள் கண் தனக்கோடியின் மேல் நின்றது. "இதுக்கெல்லாம் அலைஞ்சது நீங்கதானாமே, டீச்சர் சொன்னாங்க. நீங்களே இருந்துடுங்களேன்."

"நீயே இரு அக்கா!" என்று பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். அவள் வாய்க்கு அஞ்சியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கோதண்டத்திடமிருந்து படகு தப்பினால் போதும் என்று இருந்தது அவர்களுக்கு.

தனக்கோடிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, அதை ஏன் மறைக்க வேண்டும்? படகு கிடைக்கிறது. தலைவி என்று மூன்று வருஷம் எழுதுகிறார்கள். பாடு இல்லை என்று விரட்டின ஊரில், அந்தக் கோதண்டத்தின் மூக்குக்கு நேரே! சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் காந்தா சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை, யாரைப் பார்த்தும் இல்லை. "இன்னிக்கு என் பாடு."

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரு காந்தா," என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சரி என்று சொல்லவந்த தனக்கோடி மட்டும் திரும்பி ஓரகத்தியைப் பார்த்தாள். காந்தா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நல்லா வேணும்டி உனக்கு என்று மனசு ஒரு குதி குதித்தது. அடுத்த நொடியே அந்தக் குதி நின்றது. கூட்டத்துக்கு நடுவில் பாடு கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மேடம்," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "இன்னிக்கு அவ பாடு. அவ பேரை எழுதிக்கோ."

கரையே அலறியது. "உனக்கு இன்னா பைத்தியமா? படகு போச்சுடி! கோதண்டம் கைக்குப் போச்சு!" மரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எலிசபெத் கேட்டாள். "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா? அவங்ககிட்ட படகு பத்திரமா இருக்கும்னு நம்பறீங்களா?"

"நம்பல மேடம். ஒரு துளி நம்பல. வயிறு எரியுது. ஆனாலும் அவ பாடுதான். ஒருத்தி பாட்டைப் புடுங்கித்தான் படகு வரும்னா, அது எனக்கு வேணாம்."

காந்தாவின் பெயரை எழுதினார்கள். அவள் விரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தாள். ஓரகத்தியின் பக்கம் அவள் திரும்பவில்லை. தனக்கோடியும் அங்கே நிற்கவில்லை. கரையோரமாக நடந்துபோய், யாரும் இல்லாத இடத்தில் நின்று, காந்தாவை, கோதண்டத்தை, எலிசபெத்தை, செத்துப்போன கேசவனை, கடைசியில் தன்னையே மூச்சு வாங்கும்வரை திட்டித் தீர்த்தாள். பிறகு அழுதாள்.

சொன்னபடி பொங்கலுக்குப் படகு வந்துவிட்டது. புதுத் தார் வாசனையோடு, தண்ணீர் மேலே அலுங்காமல் நின்றது. மெட்ராஸ் ஆபீஸ் சொன்னதன்பேரில் தச்சன் அதன் பக்கவாட்டில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தான்: தலைவி காந்தா. தனக்கோடி அந்தப் பக்கமாக நிற்பதைத் தவிர்த்தாள். பொறாமை இல்லை என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

முதல் நாள் சரக்கு ஏற்றப் பெண்கள் கூடைகளோடு வந்தபோது, படகுக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய வலை கிடந்தது. பக்கத்தில் இரண்டு ஆட்களோடு கோதண்டம் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறீங்க? எம் பொண்டாட்டி படகு. இன்னிக்கு எனக்கு வடக்கே பாடு கீது. நான் போய்ட்டு வந்தப்புறம் உங்க எறாவை ஏத்திக்கங்க," என்றார்.

எல்லோரும் தனக்கோடியைப் பார்த்தார்கள். இப்போது சந்தோஷமா என்று கேட்கிற பார்வை. ஊரே எதிர்பார்த்திருந்த வசவு ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. சேலையை மட்டும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

கோதண்டம் பெண்டாட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏ காந்தா, இவளுங்களுக்குச் சொல்லு. நீதானே தலைவி?"

காந்தா கடைசி ஆளாக வந்து நின்றிருந்தாள், இடுப்பில் கூடையோடு. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"ஆமா, காகிதத்துல நான்தான் மூணு வருஷம் தலைவி," என்றாள். "மெட்ராஸுக்குக் கூப்புட்டா போய் நாற்காலில குந்துவேன். ஆனா இங்க இன்னிக்கு என் பாடு இல்ல. லோகாம்பா பாடு. அவளைக் கேளு."

கோதண்டத்தின் பீடி வாயிலேயே நின்றது. அவர் லோகாம்பாளைப் பார்த்தார். லோகாம்பாள் அதுவரை வாழ்நாளில் எந்த ஆண்பிள்ளையையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. இன்றும் பேசவில்லை. படகில் ஏறினாள், வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். மரியம்மா மறுமுனையைப் பிடித்தாள். அப்புறம் எத்தனை கை என்று எண்ண முடியவில்லை. கூட வந்த ஆட்கள் இரண்டு பேரும் முதலில் இறங்கிவிட்டார்கள். பாடு என்று சொன்ன பிறகு அதை மீறி உட்கார்ந்திருக்க அவர்களுக்கு உடம்பு கூசியது. கடைசியில் கோதண்டமும் இறங்கினார். வெளுத்த வேட்டியில் சேறு பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். "வூட்டுக்கு வா, பேசிக்கறேன்," என்றார்.

"இன்னிக்கு அவ எங்க வூட்டுல படுத்துப்பா," என்றாள் தனக்கோடி. "நாளைக்கு மரியம்மா வூட்டுல. அதுக்கும் பாடு போட்டுக்கறோம், நீ போ மாமா."

கூடைகள் ஏறின. பெண்கள் ஏறினார்கள். காந்தா மட்டும் கரையில் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். தனக்கோடி படகிலிருந்து கையை நீட்டினாள். ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஏறுக்கா," என்றாள்.

காந்தா அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார இடம் தேடிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நவுந்து குந்துடி," என்றாள். "படகுல பாதி நீயே கீறே."